அவனுக்குக் கிடைத்த ஒரு வரி வசனம்

நடிகனாக வேண்டும் என்றால் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் பதினேழு வயதுக்குள் நான் செய்து முடித்திருந்தேன். அவன் எதுவுமே செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தோம். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். அவன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவன் அப்பாவுக்கு அங்கே பால்கோவா கடை. தினமும் பஸ்ஸில் வந்து போவான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருவான், என் சாப்பாட்டைத் தின்பான், நான் சினிமாவைப் பற்றிப் பேசுவதையெல்லாம் கொட்டாவி விடாமல் கேட்பான். அதனால்தான் நண்பனாக வைத்திருந்தேன்.

பருத்தி எப்படி நூலாகிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சினிமாவுக்குப் போவது எப்படி என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. நானே கண்டுபிடித்துக்கொண்டேன். அம்மன் கோயில் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டினால் மத்தியானத்தில் பட வசனம் போடுவார்கள். கம்பத்தடியில் நின்று முழுப் படத்தையும் மனப்பாடம் செய்வேன். கண்ணாடி முன் நின்று ஒரே வரியைக் கோபமாக, அழுகையாக, எகத்தாளமாகச் சொல்லிப் பார்ப்பேன். கண்ணீர் தானாக வர வேண்டும் என்று இமைக்காமல் டியூப் லைட்டைப் பார்த்துப் பழகினேன். அதில் கண் வீங்கி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

போட்டோவும் வேண்டும் என்று ஒரு சினிமாப் பத்திரிகையில் படித்தேன். அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். சிரிப்பு, சோகம், காதல், கூலிங் கிளாஸ் என்று வரிசையாக எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு போஸுக்கும் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் சட்டைகளைக் கையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றவனைப் பார்த்து, ஃபிலிமில் ஒன்று மிச்சம் இருக்கிறது, நீயும் நில் தம்பி என்றார். அவன் வேர்வையைக்கூடத் துடைக்காமல் நின்றான். அடுத்த வாரம் அந்தப் போட்டோ ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. என்னுடையது ஒன்றுகூட இல்லை. என் பொறாமைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

என் அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு சொன்னார். "ஏதாவது ஒரு படத்துல ஒரு வார்த்தை பேசிட்டு வா. மெட்ராசுக்கு நானே டிக்கெட் எடுத்துத் தாரேன். இல்லன்னா பரீட்சை முடிஞ்சதும் மில்லுக்கு வந்துரணும்." ஒரு வார்த்தைதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

தேவதானம் பக்கம் மலையடிவாரத்தில் ஷூட்டிங் நடக்கிறது என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்ன அன்றைக்கே வகுப்பை மட்டம் போட்டோம். 'போட்டோம்' என்றால், வர மாட்டேன் என்றவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. என் போட்டோ கவரைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது.

காட்சி சின்னது. பட்டணத்திலிருந்து காரில் வரும் கதாநாயகன், கதாநாயகியின் வீடு எது என்று ஊர்ப் பையனிடம் விசாரிக்கிறான். பையன் சொல்ல வேண்டியது: "வீடு பூட்டிக் கிடக்குதுங்க. அவங்க எல்லாரும் ஊரை விட்டே போயிட்டாங்க." உதவி டைரக்டர் வேடிக்கை பார்க்க வந்த பையன்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. நெஞ்சில் கை வைத்து, தொண்டையை அடைத்து, 'போயிட்டாங்க' என்ற இடத்தில் கண்ணில் தண்ணீரே வரவழைத்தேன். டியூப் லைட் வீண் போகவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். எனக்குப் பின்னால் கவரோடு நின்றவனைக் கூப்பிட்டார்.

அவன் யாரோ வழி கேட்டதுபோல, ஒரு கையை வீடு இருக்கும் திசையில் ஆட்டி, "பூட்டிக் கெடக்கு. அவிய போயிட்டாகல்லா," என்றான். அவ்வளவுதான். பாதி வசனத்தை முழுங்கிவிட்டான். உதவி டைரக்டர் அவன் முதுகில் தட்டி, இப்படியே சொல்லு என்றார்.

அது எப்படி நடிப்பாகும்? யார் வந்து கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்வான். பால்கோவா தீர்ந்துபோச்சு என்பதையும் அதே மாதிரிதான் சொல்வான். நான் வருஷக்கணக்காகக் கண்ணாடியோடு மல்லுக்கட்டியது எதற்கு என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழவில்லை. கண்ணீரை முன்னமே செலவழித்திருந்தேன்.

அகலத் திரைப் படம். ஒரு கோடியில் காரும் கதாநாயகனும், மறு கோடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன். நடுவில் இடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று மற்ற பையன்களைக் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நிற்கவைத்தார்கள். நான் எல்லாருக்கும் நடுவில். சும்மா பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்றார்கள். சும்மாதான் நின்றேன், சத்தியமாக. ஆனால் உள்ளுக்குள் அந்த வசனம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முழுங்கிய பாதியையும் சேர்த்து, எழுதியது எழுதியபடி, முழுசாக.

சில மாதம் கழித்து டப்பிங்குக்கு மெட்ராசுக்கு வரச் சொல்லி அவனுக்குத் தகவல் வந்தது. அவன் போகவில்லை. கோயில் தேரோட்டம் நெருங்கிவிட்டதாம், கடையில் கை ஒழியாதாம். சாதாரணமாகச் சொன்னான். மெட்ராசிலிருந்து ஆள் கூப்பிட, பால்கோவா கிண்டுகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன செய்வது? நான் அவனோடு பேசுவதை விட்டேன். நான்கு நாள்தான். ஐந்தாவது நாள் அவனாகவே வந்து என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான்.

படம் வந்தது. அப்போதெல்லாம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்துப் படப் பெட்டி ஒன்றுதான் வரும். இங்கே ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குவார்கள். ஓடி முடிந்த ரீலை ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் அங்கே கொண்டுபோவார். நாங்கள் பார்ப்பதைத்தான் அடுத்து அவர்கள் பார்ப்பார்கள்.

முதல் நாள் மேட்னிக்கு அம்மாவும் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஷிப்ட். இடைவேளை முடிந்ததும் அந்தக் காட்சி. கார் நின்றது. கதாநாயகன் கேட்டான். பதில் வந்தது, யாரோ ஒரு மெட்ராஸ் ஆளின் குரலில். "வீடு பூட்டிக் கிடக்குதுங்க. அவங்க எல்லாரும் ஊரை விட்டே போயிட்டாங்க." அவன் வாய் பாதியிலேயே மூடிவிட்டது. குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வாய் அந்தக் குரலுக்கு எழுத்துக்கு எழுத்து அசைந்துகொண்டிருந்தது. அது என் வாய்.

"எம் மவந்தான் பேசுதான்," என்றாள் அம்மா. பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? குரல் அவனுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. வாய் பொருந்துகிறது, எனக்குத்தான் பொருந்துகிறது. மெட்ராசுக்குப் பெட்டி கட்டிவிட்டேன், மனசுக்குள்.

அந்த நிமிஷமே எனக்கு ஓர் ஆசை வந்தது. இதே காட்சியை அவன் ஊரில் அவன் சனங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். வெளியே ஓடி, ரீல்காரரிடம் நானும் வாரேன் என்றேன். பின்னால் உட்காரவைத்துத் தகரப் பெட்டியை என் மடியில் வைத்தார். அவன் வசனம் என் மடியில். வழியில் ஒரு கண்மாய் தளும்பிக் கிடந்தது. கை நழுவியதுபோல விட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. அதில் என் வாயும் அல்லவா இருக்கிறது என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் அவன் வீட்டார் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவன் முகம் திரையில் வந்ததுமே விசில். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். அந்தச் சத்தத்தில் குரல் பொருந்தியதா இல்லையா என்று யார் கேட்டார்கள்? சத்தம் அடங்கும்போது முன் வரிசையில் ஒருவர் கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. "நடுவுல ஒருத்தன் என்னலே வாயப் போட்டு மெல்லுதான், ஆடு மாதிரி?" தியேட்டரே சிரித்தது. எங்கள் ஊரில் நான் நடிகன். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் நான் ஆடு.

அவன் சிரித்தானா என்று திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று அந்த ஆளிடம், "அண்ணாச்சி, அவந்தான் நல்லாப் பேசுவான். எனக்குத்தான் வரல," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆடு என்று சொன்னவரைக்கூட மன்னித்துவிடலாம். இவனை எப்படி மன்னிப்பது?

அந்த வாரக் கடைசியில் அப்பா தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார். கை கால் கழுவினார், சாப்பிட்டார். நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வாய் ஒனக்குத்தான் பொருந்துது. இல்லங்கல," என்றார். "ஆனா கார்ல இருக்கவரு அவனப் பாத்துல்லா கேக்காரு." அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பரீட்சை முடிந்ததும் நான் மில்லுக்குப் போனேன்.

அவன் அப்பாவோடு கடையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் சினிமாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நான் மறந்தபாடில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, ஸ்பின்னிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர் ஆனேன். கடைக்குப் பால்கோவா வாங்கப் போகிறவர்கள், அந்தப் படத்தில் வருவாரே அவர் கடை என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் சொல்வார்கள். சூப்பர்வைசரை யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். மனைவி, பையன், அம்மா, ரிட்டயர்டான அப்பா எல்லாரும் இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு வேண்டுமென்றே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பையன் கூப்பிட்டான். வந்து பார்த்தால், காரும் இல்லை, அவனும் இல்லை. நடுவில் நான் மட்டும் நிற்கிறேன். என் வாய் அசைகிறது, வசனம் வருகிறது, நான்தான் பேசுகிறேன். பையன் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு குதித்தான். அம்மா, அப்பவே சொன்னேனே என்றாள்.

"படம் அகலம், டிவி சின்னது," என்றார் அப்பா. "ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டான்." அவர் எதற்கும் மசிய மாட்டார். மசியாவிட்டால் போகிறது என்று இருந்தது எனக்கு. பதினேழு வயதில் ஆசைப்பட்டது, தன்னால் வந்து சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவன் பார்த்திருக்க வேண்டும். அவனுக்கு எரிந்திருக்க வேண்டும், எனக்கு எரிந்தது போல. ஒரு நாளாவது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது மில் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். கையில் பால்கோவாப் பெட்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"ஏலே, நேத்து பாத்தியா? வீட்டுல எல்லாரும் என்னய எங்கன்னு தேடுதாக. நான் சொன்னேன், அது அவன் வசனம்லா, இப்பத்தான் அவன்ட்ட போய்ச் சேந்துருக்குன்னு."

நான் அவன் முகத்தைத் தேடினேன். பொறாமையை மறைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கண் ஓரம், உதட்டு ஓரம், சிரிப்பு முடிகிற இடம் என்று அத்தனையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறைக்கவும் இல்லை. அவனுக்கு நடிக்கத் தெரியாது என்று அன்றைக்கே சொன்னேனே, அது உண்மைதான். நான் வாழ்க்கை முழுக்கக் காத்திருந்ததை அவன் இனிப்புப் பெட்டியோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறான். எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

நெஞ்சில் கை வைக்கவில்லை. தொண்டையை அடைக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோல, "ரொம்ப சந்தோசம்ல," என்றேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டான். நம்பிவிட்டான்.