முனிக்கு நேர்ந்த சேவல்

ஒன்பதாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் என் மகளுக்கும் மாலையில் வாசிப்புச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. பந்தியை வாசி, கேள்வியை வாசி, விடை எந்த வரியில் இருக்கிறதோ அதில் விரலை வை. விரல் வைக்க இடமில்லையென்றால் அது உன் கற்பனை, முட்டைதான் போடுவேன்.

மகள் பாஸாக வேண்டுமென்று முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தேன். வாயால் சொன்னால் மறந்துவிடுவாரோ என்று, நான் சொல்லச் சொல்ல மகளையே எழுதவைத்து, மஞ்சள் துணியில் முடிந்து அவர் சூலத்தில் கட்டினேன். முனி கைவிடவில்லை. பெறுபேறு வந்த அன்று பசறை டவுன் வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதேன். பக்கத்து லயத்துப் பூசாரி அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

சேவலைப் பிடிக்கப் போனால், மகள் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் கையால் தின்று வளர்ந்தது அது.

“அம்மா, வெட்டுறேன்னு எங்க எழுதியிருக்கு?”

“நேர்ந்த சேவல வெட்டத்தான்டி செய்வாங்க. ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரிஞ்சா பத்தாதுன்னு நீங்கதான சொன்னீங்க? விரல வைங்க.”

என்னிடம் படித்த மற்ற ஆறு பிள்ளைகளும் ஓடிப்போய்ச் சூலத்திலிருந்து முடிச்சையே அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டன. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகள் வாசித்தாள்: ‘முனியப்பா, மகள் பாஸானால் எங்கள் வீட்டுச் சேவல் உனக்கு.’ அவ்வளவுதான்.

பூசாரி அண்ணன் கொதித்தார். “என்னா புள்ளைகளா, சாமிக்கே பரீட்சை வைக்கிறீங்களா?”

“சாமிக்கு இல்ல மாமா, ஒங்களுக்கு. தொடைக்கறி பூசாரிக்குன்னு எந்த வரியில இருக்கு?” என்றாள் மகள்.

நானும் அந்தக் காகிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் விரலுக்கும் இடம் கிடைக்கவில்லை. சேவலை உயிரோடு தூக்கிக்கொண்டு போய் முனியின் காலடியில் விட்டுக் கற்பூரம் ஏற்றினேன். “அய்யா, நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. கொற இருந்தா என்னையக் கேளுங்க, புள்ளைங்கள விட்டுருங்க” என்றேன்.

அவர் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. சேவல் சூலத்தடியிலேயே குடியிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூசாரி அண்ணன் முதலில் அதற்குத்தான் பொரி போடவேண்டும். பிந்தினால் காலைக் கொத்துகிறது.