குறட்டை விட்ட பூனை

விளாங்குடியில் நான் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தார். நுழைந்ததுமே என்னைத் தாண்டி உள்ளே தேடினார்.

"பெரிய டாக்டர் எங்கம்மா?"

"நான்தான் டாக்டர், சார்."

அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. பூனை விழித்துக்கொண்டே குறட்டை விட்டது. சளி என்று அவரே முடிவு செய்து, கூடையைப் போர்வையால் மூடி, நொச்சி இலை போட்ட வெந்நீரில் இரண்டு மாதமாக ஆவி பிடிக்க வைத்திருக்கிறார். மூச்சுக்குத் திணறும் உயிரைப் புழுக்கத்தில் அடைத்தவர்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. வாயில் "சார்" மட்டும் வந்தது.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். நுரையீரல் தெளிவு. மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம். எவர்சில்வர் கரண்டியை மூக்கருகே பிடித்தேன். மூச்சுப் பட்டு அது மங்கவே இல்லை.

"கரண்டி பிடிக்கவா அஞ்சு வருசம் படிச்ச?"

"ஆமா சார். இது சளி இல்ல. மூக்குக்குப் பின்னால சதை அடைச்சிருக்கு. மயக்கம் குடுத்து எடுக்கணும். மயக்கத்துல உயிர் போகவும் வாய்ப்பிருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"இதுக்கு ஏதாவது ஆச்சு, ஒன்னயச் சும்மா விட மாட்டேன்."

போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் எறிந்தார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. பேனாவை எறிந்தவர்கள் யாருமில்லை.

மூச்சுக்குழாயில் ட்யூப் இறக்கிவிட்டு, அண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதியைக் கொக்கியால் முன்னே இழுத்தேன். வேப்பம்பழம் அளவில் இளஞ்சிவப்புக் கட்டி. இடுக்கியால் இறுகப் பிடித்து நிதானமாக இழுத்தேன். காம்போடு வந்தது.

பூனை கண் திறந்து, ட்யூபையும் எடுத்த பிறகு அவரைக் கூப்பிட்டேன். மயக்கம் முழுதும் தெளியாமல் அசையாது கிடந்த பூனையிடம் குனிந்து காது கொடுத்தார்.

"சத்தத்தையே காணோம். கொன்னுட்டியேடி!"

வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்திழுத்துப் பூனையின் விலாவில் அழுத்தி வைத்தேன். விலா ஏறி இறங்கியது. நெடுநேரம் கையை எடுக்கவில்லை அவர்.

"திரும்ப வளருமா?"

"வளரலாம். கட்டியப் பரிசோதனைக்கு அனுப்புறேன்."

கூடையைத் தூக்கினார். நான் மறுபக்கத்துப் பிடியை விடவில்லை.

"'டி' போட்டத வராந்தாவுல அம்புட்டுப் பேரும் கேட்டாங்க, சார்."

"தப்புதான்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"வராந்தாவுக்குக் கேக்கல."