உள்ளே ஓடிய பிளாஸ்மா

என் பெயர் ஜோவன்னா. சிங்கப்பூரில், செங்காங்கில் அம்மாவோடு இருக்கிறேன். பல்கலைக்கழகம் ஒன்றின் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். ரைஸ் குக்கரின் சுவிட்சைப் போட மறந்து பட்டினி கிடந்த நாள்கள் எனக்குண்டு.

எங்கள் இயந்திரம் ஒரு சிறிய வளையம். சூரியனில் இருப்பது போன்ற, லட்சக்கணக்கான டிகிரி சூடான பிளாஸ்மா வாயுவைச் சுவரில் படாமல் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஓரத்தில் எப்போதும் கொந்தளிப்பு. பிளாஸ்மா அங்கிருந்து கட்டி கட்டியாகப் பிய்ந்து சுவரை நோக்கி ஓடும். அதன் வேகத்தை அளப்பதுதான் என் வேலை. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் ஊசிகளை நுழைத்து வைப்பேன். கட்டி முதலில் உள் ஊசியைத் தொடும், பிறகு வெளி ஊசியை. இடையிலுள்ள நேரம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வெளி ஊசி முந்திக்கொண்டது. கட்டிகள் சுவரிலிருந்து நடுவை நோக்கி ஓடின! அப்படி ஓடியதாக நான் எங்கும் படித்ததில்லை.

புத்தியுள்ளவர்கள் முதலில் வயரைப் பார்த்திருப்பார்கள். நான் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தேன். வேகத்தைக் கணக்கிடும் நிரலை மூன்று முறை மாற்றி எழுதினேன். காந்தத்தைச் சந்தேகப்பட்டேன், பிளாஸ்மாவைச் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

அம்மா பிலோமினம்மாள் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஆரம்பித்துவிட்டார். "எம் மக சூரியனையே ரிவர்ஸ்ல ஓட விட்டிருக்கா!" நான் மறுக்கவில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனபோது ஒருவர் கை குலுக்க வந்தார். அதையும் குலுக்கினேன்.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை ஊசிகளைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். 'உள்' என்று ஒட்டியிருந்த வயரில் மல்டிமீட்டரின் ஒரு முனையை வைத்தேன். மறுமுனை வெளி ஊசியைத் தொட்டபோதுதான் இணைப்பைக் காட்டும் பீப் அடித்தது. ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்து. அழகாகவே எழுதியிருந்தேன்.

ஆய்வுக்கூடத் தலைவர் ரமணனைத் தொலைபேசியில் அழைத்தேன். திங்கட்கிழமை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கட்டிகள் உள்ளே ஓடுவதைப் பார்க்கத்தான் வரவிருந்தார்கள்.

"சார், கட்டியெல்லாம் வெளியேதான் போகுது. நான்தான் வயரை மாத்திப் போட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"மண்டே மீட்டிங்ல நீயே சொல்லிடு லா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கோயில்ல கேட்டா என்னம்மா சொல்றது?"

"அவங்களுக்கு உள்ளே போனா என்ன, வெளியே போனா என்ன? நீ சாப்பிடு."

திங்கட்கிழமை திரையில் முதல் படமாக அந்த வயரைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வந்திருந்தவர்களில் மூத்தவரான நிரஞ்சனா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மாத்திப் பார்த்தா வேகம் என்ன வருது?"

"நொடிக்கு எழுநூறு மீட்டர். சுவரைப் பார்த்து."

"எங்க கணக்குலயும் அதான் வருது. அளந்து காட்டத்தான் ஆள் இல்லாம இருந்தது. மூணு வார டேட்டாவையும் அனுப்புங்க."

ஏதாவது கம்பீரமாகச் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். "நன்றி" என்று இரண்டு முறை வந்தது.

மதியமே மின்னஞ்சல் அனுப்பினேன். கோப்பை இணைக்க மறந்ததால், மன்னிப்புக் கேட்டு மறுபடியும் அனுப்பினேன்.