செயின் திருடர்களுக்குப் பக்கத்தில் ஒரு படம்

திருவொற்றியூர் பக்கம் கடலோர ஸ்டேஷன் ஒன்றில் நான் ஏட்டாக இருந்தபோது, மக்களோடு நல்லுறவு வளர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாதம் ஒரு கூட்டம் போட வேண்டும்; படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். கூட்டம் நடக்கிறதோ இல்லையோ, படம் போயாக வேண்டும். மேலிடத்துக்கு அதுதான் நல்லுறவு.

முதல் தடவை குப்பத்துக்கு ஜீப்பில் போனோம். ஜீப்பைப் பார்த்ததும் ஆண்கள் எல்லோரும் மாயமாகிவிட்டார்கள். நாய்கள்தான் மிச்சம். அடுத்த மாதம் சுடிதாரில் மார்க்கெட்டுக்குப் போய், எனக்கு வழக்கமாக நெத்திலி கொடுக்கும் மீன்காரியிடம் கெஞ்சினேன். என் வயதுக்காரி, என்னோடு உரிமையாகப் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு தன் கணவரையும் இழுத்து வந்தாள். அவர் கடல் தொழிலை விட்டுவிட்டு, ஹார்பரில் கன்டெய்னர் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் டீ, பிஸ்கட். தெருவிளக்கு எரிவதில்லை, முக்கில் கஞ்சா விற்கிறார்கள் என்று மனம்விட்டுப் பேசினார்கள். எல்லோரையும் சுவரோரம் நிற்கவைத்து இன்ஸ்பெக்டரே படம் எடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஸ்டேஷன் எழுத்து வேலைகளைப் பார்க்கும் எங்கள் ரைட்டரையும் தொற்றிக்கொண்டது. படத்தைக் கலரில் பிரிண்ட் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசல் போர்டில் ஒட்டினார். அந்த போர்டில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் செயின் திருடர்களும் தேடப்படும் ரவுடிகளும். தினமும் அதைத் தாண்டிப் போகிற எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் மீன்காரி கூடையோடு வந்து நின்றாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"இன்னா ஏட்டம்மா, கூப்ட்டீங்கோ, வந்தோம். வந்தவர திருட்டுப் பசங்க பக்கத்துல ஒட்டி வெச்சிகிறீங்களே, நாயமா இது? ஏதோ காணாப்போச்சுன்னு எழுதிக் குடுக்க வந்த அவரோட ஹார்பர் மேஸ்திரி அத்த பாத்துட்டாராம். கேஸ முடிச்சிட்டு வேலைக்கு வான்னு தொரத்திட்டாரு. மனுசன் சோறு துன்னாம வூட்ல குந்திகினு கீறாரு."

ரைட்டர் தொண்டையைக் கனைத்தார். "கீழ நல்லுறவுக் கூட்டம்னு எழுதியிருக்கேனேம்மா?"

"எழுத்த யாரு பாக்கறா? மூஞ்சத்தான் பாப்பாங்கோ. அதுல போலீசு ஒருத்தராவது நிக்கிறீங்களா? எங்கள மட்டும் செவுத்தோரமா நிக்க வெச்சிகிறீங்கோ!"

படத்தை நானே பிய்த்தெடுத்தேன். மேஸ்திரியைப் பார்க்க உடனே கிளம்பினேன். சேலைக்கு மாறி வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"யூனிபாரத்துலயே வா. இல்லாங்காட்டி நீ சொல்றத எவன் நம்புவான்? ஆனா ஜீப்பு வேணாம்."

ஷேர் ஆட்டோவில் மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். யூனிபார்மைக் கண்டதும் மேஸ்திரிக்கே வியர்த்தது. இவள் கணவர் மேல் கேஸ் எதுவும் இல்லை, எங்களுக்கு உதவ வந்தவர், ஒட்டிய இடம்தான் தப்பு என்று சொன்னேன். "அப்டியா? நாளைக்கே வரச் சொல்லும்மா" என்றார். அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள்.

அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் முதல் ஆளாக வந்தாள். பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையில் அவள் கணவர். படம் எடுக்கும் நேரம் வந்தபோது அவர் தயங்கிக் கதவருகே நின்றுவிட்டார்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டம்மா, நீ வந்து அவர் பக்கத்துல நில்லு. தொப்பி போட்டுக்கினு நில்லு."

மேஜைமேல் கழற்றி வைத்திருந்த தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவருகே போய் அவர் பக்கத்தில் நின்றேன். மற்றவர்களும் சுவரை விட்டு எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். என் கண் கலங்கியிருந்தது. படத்தில் அது நன்றாகவே தெரிகிறது.