உள்ளே சாமான், வெளியே ஆள்

காலை ஏழரை மணிக்குச் சேலையூரிலிருந்து கிளம்பினேன். தாம்பரம் தாண்டி முடிச்சூர் சாலை வரை ஏழெட்டுக் கிலோமீட்டர். மற்ற நாட்களில் என் ஸ்கூட்டரில் அரை மணி நேரம். அன்று ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. மழை நின்றிருந்தது. ஏரிகளிலிருந்து வழிந்து வந்த தண்ணீர் மட்டும் வடியவில்லை.

என் அக்கா எஸ்தர் அங்கே ஒரு குடியிருப்பின் ஐந்தாவது தெருவில், முதல் மாடியில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மழையில் ஒரு முறை தவறிவிட்டது. இன்னொன்றும் தவறினால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின இரவிலிருந்து அவள் போன் அணைந்து கிடந்தது. எப்படியாவது அவளைக் கூட்டிவந்து மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நான் போனது அதற்காகத்தான்.

சாலை ஒரு பெட்ரோல் பங்கோடு முடிந்துபோனது. அதற்கு அப்பால் தண்ணீர். விளம்பரப் பலகையின் இரும்புக் காலில் ஒரு ஃபைபர் படகைக் கட்டியிருந்தார்கள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து லாரியில் வந்த மீன்பிடிப் படகு. மீன் வாசனை அப்படியே இருந்தது. பின்னால் துடுப்போடு தேசப்பன், ஐம்பது வயதிருக்கும். முன்னால் நீளமான மூங்கில் கழியோடு அவருடைய மச்சான் ஏழுமலை. என்ஜினைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதை ஓட்டினால் எழும்பும் அலை வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறதாம். முதல் நாளே மாடிகளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படகில் பால் கிரேட்டுகள், தண்ணீர் கேன்கள், ரொட்டி, இரண்டு கேஸ் சிலிண்டர். ஏறப் போன என்னை ஏழுமலை கழியால் தடுத்தார்.

"உள்ள போறப்ப சாமான், வெளிய வர்றப்ப ஆளு. அதான் ரூல். நீங்க எதுல சேத்தி?"

"எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லண்ணா. டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"வழி தெரியுமா? எங்களுக்குக் கடல் தெரியும், இந்தத் தெருலாம் இன்னானு தெரியாது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு உள்ளூர் ஆளு முன்னாடி குந்தி வழி காட்டணும்."

"கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்" என்றேன். நான் பள்ளியில் புவியியல் டீச்சர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒன்பது மணிக்கு மேல் படகு நகர்ந்தது. நான் முன்முனையில், பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை கழியை இறக்கி இறக்கிப் பார்த்தபடி வந்தார். "காரு" என்பார், தேசப்பன் ஒதுக்குவார். "செவுரு" என்பார், மறுபடியும் ஒதுக்குவார். ஒரு இடத்தில் கழி மெத்தென்று எதிலோ பட்டது. அவர் கழியைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எத்தனையோ வருடமாகப் போய்வரும் இடம்தான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே இருந்தது. இஸ்திரி வண்டி, வேகத்தடை, மளிகைக் கடைக்கு வெளியே தொங்கும் வாழைத்தார், ஆரஞ்சு நிறக் கேட். இப்போது என் கண்ணுக்கு நேராக இருந்தவை எல்லாம் மாடிகள். எல்லா மாடியிலும் கறுப்புத் தொட்டி, எல்லா மாடியிலும் கையாட்டும் மனிதர்கள். போனில் வரைபடத்தைத் திறந்தேன். சிக்னல் இல்லை.

"டீச்சர், லெப்ட்டா ரைட்டா?"

"ரைட்டு" என்றேன். குரலில் மட்டும் உறுதி இருந்தது.

மற்ற நாட்களில் தெருமுனைக்குப் போனால் அக்கா தெரிவாள். நான் எப்போது போனாலும் மாடியிலிருந்து இறங்கித் தெருமுனைக்கு வந்து கையாட்டிக்கொண்டு நிற்பாள். உடம்பு முடியாதவள், இறங்காதே என்றாலும் கேட்க மாட்டாள். அப்படி ஒரு பாசம். இப்போது தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மரும் அதன் மேல் இரண்டு காக்கைகளும்தான் இருந்தன.

இளம்பச்சை வீடு ஒன்று தெரிந்தது. அக்கா வீடும் இளம்பச்சைதான். "எஸ்தர் அக்கா" என்று கத்தினேன். மாடியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நிறைமாத வயிறு.

"வந்துட்டீங்களா? காலைலருந்து வலி விட்டு விட்டு வருது" என்றாள்.

அவளுக்கு உதவிக்குப் போன் செய்தவர்கள் யார், அதற்கு வரவேண்டிய படகு எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள்தான் அந்தப் படகு என்று அந்தக் குடும்பம் முடிவு செய்துவிட்டது. அவள், அவள் கணவன், மாமியார், பக்கத்து வீட்டுத் தம்பதி, அவர்களுடைய நாய். நாய் ஆளா சாமானா என்று ஒரு பேச்சு நடந்தது. "அதுக்கும் உசுருதான கீது, ஏத்து" என்று தேசப்பன் தீர்த்துவைத்தார். அப்புறம் படகில் இடம் இல்லை.

"டீச்சர், நீங்க அடுத்த நடை. உங்க அக்கா வூடு இந்தத் தெருதான? திரும்பி வந்து ரெண்டு பேரையும் இட்டுகினு போறோம்" என்றார் ஏழுமலை.

பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? அந்த வீட்டு மாடியில் சாத்தியிருந்த ஏணியில் ஏறினேன். ரொட்டியும் தண்ணீர் கேனும் என் பின்னாலேயே ஏறின. சாமானோடு சாமானாக என்னையும் இறக்கிவிட்டுப் படகு போனது.

பக்கத்து மொட்டைமாடியில் லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஒருவர் நின்றிருந்தார். பெயர் சுந்தரம், கூடுவாஞ்சேரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவராம்.

"சார், இது அஞ்சாவது தெருதானே?"

"நாலாவது மேடம். அஞ்சு எங்க வீட்டுக்குப் பின்பக்கம்."

முழுதாக ஒரு தெரு முன்னாலேயே திரும்பியிருக்கிறேன். நடுவில் கழுத்தளவு தண்ணீர். சுந்தரம்தான் பின்பக்கம் போய்க் குரல் கொடுத்தார். அங்கிருந்து இன்னொரு மாடி, அங்கிருந்து இன்னொன்று. பதில்களும் அப்படியே மாடி மாடியாக வந்தன. எஸ்தர் அக்கா வீட்டில் பூட்டு தொங்குகிறது என்றார்கள். இல்லை, உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்றார்கள். விடிந்ததும் வேறு படகு வந்து ஏற்றிப் போனது, ஆனால் போனது எஸ்தரா கீழ்வீட்டுக்காரியா தெரியவில்லை என்றார்கள். எதை நம்புவது? மூன்றையும் மாற்றி மாற்றி நம்பினேன்.

அடுத்த நடை வரவில்லை. எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது. வழிகாட்டியாக வந்தவள் இங்கே மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை எங்கே விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த வழிகாட்டி அவரவர் வீட்டுக்குத்தானே படகைத் திருப்புவார்? பகல் ஒரு மணி வாக்கில் தெருமுனையில் படகு குறுக்கே போனது. துப்பட்டாவைக் கழற்றி ஆட்டினேன். ஏழுமலையும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போனார். எல்லா மாடியிலும்தான் ஆட்டுகிறார்களே.

மதியம் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன். காப்பாற்ற வந்தவளின் இருப்பிடமே யாருக்கும் தெரியாது, இதில் அக்கா எங்கே என்று யாரைக் கேட்பது? சுந்தரம் ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தார். தின்றேன். அந்த நேரத்திலும் பசித்ததே என்று வெட்கமாக இருந்தது.

நாலரை மணி இருக்கும். "ரூத்து டீச்சர்" என்று யாரோ கூப்பிட்டார்கள். என் பெயரை நான் படகில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எட்டிப் பார்த்தால், இந்தத் தெருவுக்குள் நேராக வந்துகொண்டிருந்தது படகு. முன்முனையில் வழிகாட்டி இல்லை, பால் கிரேட் மட்டும்தான்.

"ஏழுமலை அண்ணா, எங்க அக்கா?"

"அவுங்கதான் எங்கள அனுப்புனாங்க. விடியக்காலைல வேற போட்டுல வெளிய வந்து ஆஸ்பத்திரிக்கும் போயாச்சு. முடிஞ்சதும் உங்க போன் கெடைக்கல, தன்னத் தேடி நீங்க இங்க வந்திருப்பீங்கனு நேரா பங்குல வந்து நிக்கிறாங்க. தங்கச்சிய எங்க வுட்டீங்கனு ஒரே பேஜாரு."

ஏணியில் இறங்க ஆரம்பித்தேன். "ஆனா இந்தத் தெருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஏழுமலை சிரித்தார். துடுப்போடு பின்னால் இருந்த தேசப்பன்தான் சொன்னார்.

"எங்க தெருல தேடாதீங்க, அதுக்கு முந்தின தெருல பாருங்கன்னாங்க. எப்ப வந்தாலும் நீங்க ஒரு தெரு முன்னாடியே திரும்பிடுவீங்களாம். அதுக்குத்தான் தெருமுனைல வந்து நிப்பாங்களாம்."

திரும்பும் வழியெல்லாம் ஏழுமலை "காரு" என்றார், "செவுரு" என்றார். அந்தத் தெருவை நானாகவே கண்டுபிடித்துப் போவதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்காக அக்கா எத்தனை முறை அந்தப் படிகளில் இறங்கி ஏறியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

பெட்ரோல் பங்க் தெரிந்தது. கூட்டத்துக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில், ஊசி குத்திய கையில் கட்டோடு அக்கா நின்றிருந்தாள். வேறு எங்கும் திரும்ப வழியே இல்லாத அந்த நேர்ச் சாலையில், இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.