சகாயம்மாள் தைத்த வெள்ளை கவுன்

பருத்திப்பட்டில் சகாயம்மாளிடம் ஜாக்கெட் தைக்காத பொம்பளை கிடையாது. ஆனால் வெள்ளைத் துணி கொண்டுபோனால் மட்டும் கும்பிட்டு அனுப்பிவிடுவாள். என்ன செய்வாள் பாவம், உள்ளங்கை வேர்வை அப்படி! மார்கழிக் குளிரிலும் சொட்டும். ஊசி துருப்பிடிக்கும், துணியில் பழுப்பாக விரல் தடம் விழும். மெஷின் பெடலில் கால்கூட வழுக்கும்.

தொண்ணூற்றிரண்டில் மகள் ஞானகுமாரிக்குப் புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், பெத்த பொண்ணுக்கு இன்னொரு டெய்லரிடம் போய் நிற்பதா? சகாயம்மாளுக்கு மனசே ஆறவில்லை.

தோல் டாக்டரிடம் போனாள். அவர் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று கொடுத்தார். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, தட்டுக்கொரு கையாக வைக்க வேண்டும். லேசான கரண்டு தண்ணீர் வழியாகப் பாய்ந்து வேர்வையை அடக்குமாம். காலுக்கும் அதே வைத்தியம்தான்.

அவள் புருஷன் செபாஸ்டியன் அம்பத்தூரில் பேட்டரி மெக்கானிக். சும்மா இருப்பானா?

"பேட்டரிக்கே சுத்தமான தண்ணி ஊத்துறேன். உன் கைக்கு இந்த உப்புத் தண்ணியா? சோப்பு போட்டா நுரைகூட வராது!" என்று டிஸ்டில்டு வாட்டரைக் கேன் கேனாகத் தூக்கிவந்தான். ஆசையாகத்தான் செய்தான், யார் இல்லையென்றது? வாரக்கணக்கில் கையை ஊறவைத்தும் வேர்வை நின்றபாடில்லை. கவுனுக்கென்று வாங்கிவைத்த வெள்ளை சாட்டின் துணி பீரோவிலேயே கிடந்தது. திறந்து பார்ப்பாள், அழுகை வரும், மூடிவிடுவாள்.

ஒருநாள் கேன் காலி. போனால் போகிறதென்று குழாயில் வந்த உப்புத் தண்ணீரையே ஊற்றி சுவிட்சைப் போட்டாள்.

"ஐயோ மாதாவே!"

கை முழுக்க எறும்பு கடிக்கிற மாதிரி சுருசுருவென்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த செபாஸ்டியன் தட்டைப் பார்த்தான், காலிக் கேனைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான்.

"சுத்தத் தண்ணியில கரண்டு எங்க போவும்? உப்பு இருந்தாத்தான போவும்! இத்தினி வருசமா பேட்டரி வேலை செஞ்சிகினு கீறேன், எனுக்கு தோணலியே சகாயம்!"

"வுடுங்க, என்மேல இருந்த பாசத்துல தோணல" என்று சிரித்தாள்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை காய்ந்தது. ஒருநாள் சாட்டினை வெளியே எடுத்து, பயந்து பயந்து கத்தரி வைத்தாள். தைத்து முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடம் இல்லை.

புதுநன்மை அன்று பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ ஒரு அம்மா கவுனைத் தொட்டுப் பார்த்து, "இன்னா அழகா கீது! எந்த டெய்லரு?" என்றாள்.

சகாயம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஞானகுமாரி கத்தினாள்.

"எங்கம்மா!"