கதவென்றால் கதவுதான்

அலுவலகத்தில் அவருக்கு அச்சு என்று பெயர். இயந்திரங்களுக்குள் ஓடும் நிரல்களை எழுதுவது வேலை. ஒருமுறை எழுதியதை மறுபடி எழுதுவது பாவம் என்பது கொள்கை. அதற்கு அவரிடம் இரண்டு ஆயுதங்கள். டெம்ப்ளேட் என்பது வார்ப்பச்சு. எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் அதன் அளவுக்கு நிரலை வார்த்துவிடும். மிக்சின் என்பது குணம். எதில் கலந்தாலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டிலும் இதே சிக்கனம்தான்.

“கல்யாண வாழ்த்துக்கும் துக்கம் விசாரிக்கவும் ஒரே மெசேஜா? பேரை மட்டும் மாத்தினா போதுமா?” என்பார் மனைவி.

“‘நாங்க உங்களோட இருக்கோம்’னுதானே போட்டேன். ரெண்டுக்கும் பொருந்துதே.”

எதிர் மேசைக்காரருக்கு ஜெராக்ஸ் என்று பெயர். பழைய நிரலை நகலெடுத்து ஒட்டி, வேண்டிய இடத்தில் திருத்திக்கொள்பவர். அவரைக் கண்டாலே அச்சு, எச்சில் தட்டைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழுத் தலைவர் நாற்காலி காலியானபோது, போட்டி இந்த இருவருக்குள் என்றானது. புதிய லிப்ட் வேலையைப் பார்த்து முடிவு செய்வதாக மேலாளர் சொன்னார். கதவு அச்சுக்கு, மாடி எண் காட்டும் பலகை ஜெராக்ஸுக்கு.

கதவுதானே? ஃபிரிட்ஜுக்காக எப்போதோ வார்த்த கதவு டெம்ப்ளேட் கைவசம் இருந்தது. அதில் லிப்டைக் கொடுத்தார்; தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஜெராக்ஸ், பாவம், வாரம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

சோதனைக்காரர் லிப்டில் மணல் மூட்டைகளை ஏற்றிவிட்டு, வெளியே நின்று பார்த்தார். கதவு சத்தமில்லாமல் மூடியது, திறந்தது. மூட்டைகள் எந்தப் புகாரும் சொல்லவில்லை.

பிறகு, லிப்டை வாங்க வந்த அம்மாளும் மேலாளரும் ஏறினார்கள். கதவு மூடியது. உள்ளே கும்மிருட்டு.

ஃபிரிட்ஜ் கதவை மூடினால் விளக்கு அணைய வேண்டும் அல்லவா? அந்த மிக்சினைக் கதவு டெம்ப்ளேட்டிலேயே அச்சு கலந்து வைத்திருந்தார். தக்காளிக்கும் மேலாளருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

மேல்மாடியில் கதவு திறந்தபோது அந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. “நம்பர் போர்டு மட்டும் பளிச்சுனு எரிஞ்சுது. அதப் பாத்துக்கிட்டே உயிரக் கையில பிடிச்சுட்டு நின்னேன். அது யாரு செஞ்சது?”

நாற்காலி யாருக்கு என்பது அங்கேயே முடிவாகிப்போயிற்று.

“அந்த மிக்சினப் பிரிச்சு எடுக்கணும்னா, அதப் பயன்படுத்துற அத்தனை ஃபிரிட்ஜையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும். ஒரு மாசமாவது ஆகும்” என்றார் அச்சு.

“எதுக்குண்ணே அவ்வளவு? உங்க கதவ எனக்கு அனுப்புங்க” என்றார் புதுத் தலைவர் ஜெராக்ஸ். “ஒரு காப்பி எடுத்து, லிப்டுக்கு மட்டும் அந்த வெளக்கு வரியத் தூக்கிடுறேன்.”

அச்சு பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினார். சாப்பாட்டு நேரத்துக்குள் லிப்டில் வெளிச்சம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: “கடைசியில அவனும் என் கதவத்தான எடுத்துப் போட்டான்?”

மீசையில் மண் ஒட்டவே இல்லை.